ஏழு தட்டும் லீவு மேனேஜரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓடிவிட்டது. பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், பூஜை அலமாரியில் இருக்கும் ஆண்டாள் தாயார் படத்தைப் பார்ப்பேன், பேனாவை மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவதைப் பத்திரிகையில் போடுவார்களா என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவரைப் பற்றி எழுதினால் நான் செய்ததையும் எழுதியாக வேண்டும். அவரை மட்டும் எழுதிவிட்டு என்னை மறைத்தால் அது இரண்டாவது பொய். எழுபது வயசுக்கு மேல் இரண்டாவது பொய்யைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

லீவு கேட்டு அலைகிற தொழிலாளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "ஐயா, லீவு மட்டும் குடுத்துராதீக" என்று மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிற தொழிலாளிகளை எங்கள் கம்பெனியில் மட்டும்தான் பார்த்திருக்க முடியும். அதற்குக் காரணம் எங்கள் லீவு மேனேஜர். அப்படி ஒரு மனுஷன் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவருக்கு முன்னால் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. இதை நான் எந்தச் சன்னிதியிலும் கற்பூரம் அணைத்துச் சொல்லுவேன்.

எண்பதுகளின் கடைசி அது. இரண்டு ஊருக்கும் நடுவில், ரோட்டோரமாக, பேண்டேஜ் துணி தயாரிக்கிற கம்பெனி. தறியிலிருந்து வருகிற துணி பழுப்பாக, பசை பிடித்து இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதை ஒரு பெரிய இரும்பு டேங்கில் அடுக்கி, சோடாவும் சோப்பும் கரைத்து ஊற்றி, மூடியைப் பூட்டி, ஆவியை விட்டு மணிக்கணக்காக அவிக்க வேண்டும். பிறகு வெளுத்து, அலசிக் காயப்போட வேண்டும். அப்படி வந்த துணியைத் தண்ணீரில் போட்டால் போட்ட வேகத்தில் மூழ்கும். மூழ்குகிற துணிதான் ரத்தத்தை உறிஞ்சும். அந்த அவிக்கிற டேங்குக்கு நான் மேஸ்திரி. பதினாலு வருஷமாக என்னைத் தவிர வேறு யாரும் அதன் மூடியைத் தொட்டதில்லை. நான் தொட விட்டதில்லை.

அந்த மேனேஜர் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயசு இருந்தால் அதிகம். என்னைவிடப் பத்து வயசு இளையவர். திருச்சிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு. சட்டைப் பட்டனில் நூல் கட்டி ஒரு பென்சில் தொங்கும். அது நடக்கும்போது ஆடும், அவர் பேசும்போதும் ஆடும். வந்த முதல் நாளே தன் ரூமில் இருந்த சுழல் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் கேட்டில் நின்ற வாட்ச்மேன் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு உட்கார்ந்தா தூக்கம் வருது. உங்களுக்கு நின்னா கால் வலிக்குது. நீங்க வச்சுக்குங்க."

அன்றிலிருந்து வாட்ச்மேன் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே கேட்டைப் பார்த்துக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்த வியாபாரிகள் அவரைத்தான் முதலாளி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

அடுத்து, ரோல் சுற்றுகிற மேஜைக்குப் போனார் மேனேஜர். அங்கே பொன்னுத்தாய்தான் கைதேர்ந்தவள். வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் வாய்க்குப் பயந்து முதலாளியே அந்தப் பக்கம் சுற்றித்தான் போவார்.

"அக்கா, எனக்கு ரோல் சுத்தக் கத்துக் குடுங்க" என்றார் மேனேஜர்.

"ஏன் சார், அதுக்குள்ள மேனேஜர் வேலை போயிருச்சா?"

ஒரு வாரம் தினம் ஒரு மணி நேரம் அவள் முன்னால் நின்று சுற்றினார். வாரக் கடைசியில் அவர் சுற்றிய ரோலை அவள் தூக்கிப் பிடித்தாள். அது நடுவில் பிதுங்கி, ஒரு பக்கம் வால் விட்டுத் தொங்கியது.

"இது பேண்டேஜா சார்? கல்யாண வீட்டுல பந்திப் பாய் சுருட்டின மாதிரி இருக்கு. இதை ஒருத்தன் கால்ல கட்டுனா இருக்கிற காலும் போயிரும்."

மேஜையில் இருந்த பெண்கள் சிரித்துச் சிரித்து ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். அவரோ பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பரீட்சைத் தாள்! மேலே அவர் பேர், கீழே 'பாஸ், பெயில்' என்று இரண்டு கட்டம்.

"பெயில்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க அக்கா."

"எனக்குக் கைநாட்டுத்தான் சார்."

"கைநாட்டு செல்லாது. கையெழுத்துக் கத்துக்கிட்டு வந்து பெயில் போடுங்க. அதுவரைக்கும் நான் பெயில் கிடையாது."

பொன்னுத்தாய்க்கு அது பொறுக்கவில்லை. அவ்வளவு மோசமாக ரோல் சுற்றிய ஆள் பெயில் இல்லாமல் திரிவதா? பத்து நாள் பஸ்ஸில் வருகிறபோதும் போகிறபோதும் கூட வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிப் பழகினாள். பதினோராம் நாள் வந்து தாள் முழுக்க அடைத்து 'பொன்னுத்தாய்' என்று எழுதி மேனேஜரைப் பெயிலாக்கினாள். அந்தத் தாளை அவர் தன் ரூமில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். மூன்றாவது தடவை பாஸ் ஆனார். அதற்குள் அந்த மேஜைக்கு வருகிற எல்லோரையும் பழக்குகிற பொறுப்பு பொன்னுத்தாய்க்கு வந்திருந்தது. யாரையும் பெயிலாக்க இப்போது அவள் யாரிடமும் எழுத்துக் கேட்பதில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அந்த லீவு விஷயம்தான் எங்களைப் படுத்திவிட்டது.

மாசத்துக்கு ஒரு தடவை எங்கள் எல்லோர் பேரையும் சீட்டில் எழுதி டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்குவார். வந்த பேருக்கு உடையவர் ஒரு வாரம் தன் வேலையைப் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாரம் முடிந்ததும் மறுநாள் சம்பளத்தோடு லீவு. அன்றைக்கு அவர் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது.

"ஏன் சார் இப்படி?" என்று கேட்டோம்.

"நீங்க இருக்கிற அன்னிக்கு நீங்க கத்துக் குடுத்தது வெளியே தெரியாது. இல்லாத அன்னிக்குத்தான் தெரியும்" என்றார். பென்சில் ஆடியது.

முதல் சீட்டு எலக்ட்ரீசியனுக்கு விழுந்தது. மனுஷன் வீட்டுக்குப் போகவே இல்லை. கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் கொஞ்சம் மாறினால் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பார். மேனேஜர் வந்து பார்த்தார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அய்யனார் கோவில் போகிற பஸ்ஸில் தானே ஏற்றிவிட்டார். "அருவியில குளிச்சிட்டு வாங்க. அங்க மோட்டார் சத்தம் கேக்காது."

மறுநாள் எலக்ட்ரீசியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து சேர்ந்தார். உள்ளே, பத்து வருஷமாக அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள், முதல் தடவையாகத் தானே ஒரு மோட்டாரைச் சரி பண்ணியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் அவர் கம்பெனி முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீசியனுக்கும் ஒரு மிட்டாய் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டபோது சுருங்கிப்போன அவர் முகத்தை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த டிபன் பாக்ஸைக் கண்டாலே ஒதுங்கிப் போக ஆரம்பித்தேன்.

ஏன் ஒதுங்கினேன் என்று சொல்ல வேண்டும். இங்கேதான் பேனா நிற்கும். இன்றைக்கு நிறுத்தவில்லை.

டேங்கின் மூடி ஓரத்தில் ஒரு சின்ன வால்வு உண்டு. ஆவி விட்டவுடன் அந்த வால்வைத் திறந்து, உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியே போகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு மூட வேண்டும். காற்று உள்ளே தங்கினால் அவிகிறபோது நூல் இற்றுப்போகும். துணி பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், இழுத்தால் கிழியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துணியைப் பாழாக்கி, திட்டு வாங்கி, நானே கண்டுபிடித்தது. அதனால் அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். எட்டாவது படித்தவன் கையில் அதைத் தவிர என்ன இருக்கிறது? நாளைக்கு ஒரு படித்த ஆள் வந்து கற்றுக்கொண்டால் என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்?

மறைப்பதற்கு ஒரு வித்தை செய்தேன். வலது கையில் பெரிய ஸ்பேனரை எடுத்து டேங்கை ஏழு தடவை தட்டுவேன். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் 'கோவிந்தா, கோவிந்தா' என்று நிதானமாகச் சொல்லுவேன். எல்லோரும் ஸ்பேனரையே பார்ப்பார்கள். முதல் தட்டின்போது என் இடது கை வால்வைத் திறந்துவிடும். ஏழாவது தட்டின்போது மூடிவிடும். அந்த ஷெட்டில் எங்கே பார்த்தாலும் ஆவிதான். எது எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டே பதினாலு வருஷம் ஊரை ஏமாற்றியிருக்கிறேன்.

எனக்கு உதவியாக இருந்தவர் மிலிட்டரி. மகாராஜபுரத்துக்காரர், என் வயசுதான். பட்டாளத்திலிருந்து வந்து இரண்டு இடத்தில் வேலைக்குப் போய் இரண்டிலும் நிற்க முடியவில்லை. மூன்றாவதாக எங்களிடம் வந்திருந்தார். டீ குடிக்கப் போனால் கூட லெஃப்ட் ரைட் போட்டுத்தான் போவார்.

என் பேர் டிபன் பாக்ஸிலிருந்து வந்த அன்றைக்கு நான் மேனேஜரைத் தனியாகப் பிடித்தேன்.

"சார், வீட்டுல விருந்தாளி வந்திருக்காக. இந்தச் சமயத்துல லீவு குடுத்துராதீக."

"விருந்தாளி வந்தா எல்லாரும் லீவு கேப்பாங்க அண்ணாச்சி."

"அவிய எனக்குப் பிடிக்காத விருந்தாளி சார்."

அவர் கேட்கவில்லை. சொல்லிக் கொடுக்கிற வாரம் ஆரம்பமானது. மேனேஜர் ஷெட்டுச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். துணி அடுக்குவது, சோடா கரைப்பது, மூடி பூட்டுவது, ஆவி விடுவது. அந்த இடம் வந்ததும் என் வாய் தானாகச் சொன்னது.

"ஸ்பேனரால ஏழு தட்டுத் தட்டணும்."

"ஏன் அண்ணாச்சி?"

"சூடு சமமாப் பரவும் சார்."

"இரும்புல தட்டினா சூடு பரவுமா?"

"பதினாலு வருஷமாப் பரவுது சார்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். பிறகு அழகான கையெழுத்தில் பலகையில் எழுதினார்: 'ஏழு தட்டு.' வால்வைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

மிலிட்டரி நோட்டோடு வந்து நின்றார். "மேஸ்திரி, ஒண்ணாவது தட்டு எந்த இடத்துல? அடையாளம் வச்சுச் சொல்லும்."

"எங்க வேணா தட்டலாம்."

"அப்படிச் சொல்லப்படாது. தப்பான இடத்துல தட்டிட்டா?"

டேங்கைச் சுற்றிச் சாக்பீஸால் ஏழு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் நம்பர் எழுதினார். சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்கிற டேங்கில் தட்டிப் பழகினார். வீட்டில் அண்டாவில் பழகுகிறார் என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அந்த வாரம் ஆஸ்பத்திரிகளுக்கு வாங்குகிற ஒரு அதிகாரி கம்பெனியைப் பார்க்க வந்தவர், பலகையைப் படித்துவிட்டு, "ஏன் ஏழு? அஞ்சு போதாதா?" என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பெருமையாகக் கை காட்டி, "எங்க மேஸ்திரியோட அனுபவம் சார்" என்றார். அந்த அதிகாரி அதைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

லீவு நாள் வந்தது. காலையில் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர் வீட்டு ஆச்சி வந்துவிட்டார்கள். "வேலை போயிருச்சாமே, மனசை விட்டுராதீக" என்று ஆறுதல் சொன்னார்கள். செண்பகம், என் மனைவி, அவர்களை அனுப்பிவிட்டு வந்து கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

"என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தி வாரீக?"

"துணி கிழியும்டி."

"எதுக்குக் கிழியும்?"

சொல்லிவிட்டேன். வால்வு, இடது கை, எல்லாம். முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன். அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"அப்போ அந்த மிலிட்டரி அண்ணன் கதி?"

"ஒரு நாள்தானே. ஒரு டேங்க் போச்சுன்னா என்னை மறுபடி கூப்பிட்டுக்கிடுவாக."

"அவுகளை என்ன பண்ணுவாக?"

நான் எழுந்து திண்ணைக்குப் போனேன். சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை. தட்டு வந்தது, சோறு வந்தது, குழம்பு வந்தது. பேச்சு வரவில்லை.

கோவிலுக்குப் போனேன். தாயார் முன்னால் கைகூப்பி நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன். துணி கிழிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. கிழியாமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்ளவில்லை. துளசித் தீர்த்தத்தை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போனபோது மிலிட்டரி டேங்க் அருகே நிமிர்ந்து நின்றார். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீரில் போட்டுக் காட்டினார், உடனே மூழ்கியது. அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்ல? "மேஸ்திரி, பட்டாளத்துல கூட எனக்கு இம்புட்டு சந்தோஷம் வரலை" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் துணி காய்ந்து ரோல் மேஜைக்குப் போன அன்றைக்கு விஷயம் வெடித்தது. பொன்னுத்தாய் ஒரு துண்டை இரண்டு கையாலும் இழுத்தாள். பர்ரென்று கிழிந்தது. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் கிழிந்தது.

"சார்! இங்க வாங்க! அப்பளம் மாதிரிப் பிய்யுது!"

முதலாளி ஓடி வந்தார். கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்குதான் முதலில் வரும். "ஏமய்யா இதி!" என்று துணியைத் தூக்கி எறிந்தார். ஆஸ்பத்திரிக்கு அந்த வாரமே போக வேண்டிய துணி.

"யாரு அவிச்சது?"

"நான்தான் சார்" என்று மிலிட்டரி ஒரு அடி முன்னால் வந்து அட்டென்ஷனில் நின்றார்.

"நாளையிலிருந்து வர வேண்டாம்."

மிலிட்டரி அசையவில்லை. "சரி சார். ஏழு தட்டும் எண்ணித்தான் தட்டினேன். வட்டத்துக்குள்ளதான் தட்டினேன். எங்க தப்பு பண்ணினேன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. தப்பு தெரியாம வீட்டுக்குப் போக முடியாது சார். ரெண்டு இடத்துல அப்படித்தான் அனுப்பிட்டாக."

மேனேஜர் பலகைக்குப் போய் எழுதியதை மேலிருந்து கீழே விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எதை விட்டோம் என்று தேடினார். அவர் விரல் 'ஏழு தட்டு' மேல் வந்து நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"தப்பு அவருது இல்லை" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "தட்டுறது சும்மா. தட்டினா ஒண்ணும் ஆகாது. வால்வைத் திறக்கணும். நான் சொல்லலை."

டேங்க் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வால்வைக் காட்டினேன். இடது கை வேலையைச் செய்து காட்டினேன். பொன்னுத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்குய்யா மேஸ்திரி அண்ணே! உம்ம நெத்தியில போட்ட நாமத்தை எங்க எல்லாத்துக்கும் சேர்த்துல்ல போட்டுட்டீரு!"

முதலாளி என்னைக் கை காட்டினார். "அப்போ அவனை நிறுத்தாதே. இவனை அனுப்பு."

மேனேஜர் டேங்க் ஓரத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தோம். பிறகு என்னிடம் கேட்டார்:

"எத்தனை வருஷமா அண்ணாச்சி, இதைத் தனியாத் தூக்கிட்டுத் திரியிறீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்விக்கு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வயசு ஆள், அத்தனை பேர் முன்னால்.

"சொல்லிக் குடுத்துட்டா என்னை அனுப்பிருவீகன்னு பயம் சார்."

அவர் எழுந்து முதலாளியிடம் போனார். "ஐயா, இவரை அனுப்பினா அந்தப் பயம் நியாயம்னு ஆயிரும். நாளைக்கு இந்த ஷெட்டுல ஒருத்தரும் வாயைத் திறந்து உண்மை சொல்ல மாட்டாங்க. இவருக்குப் பயம் இருக்குன்னு எனக்குத் தெரியலை. எல்லார்கிட்டயும் ஏன் ஏன்னு கேட்டேன். இவர் சொன்ன பதிலை அப்படியே நம்பிட்டேன். அது என் தப்பு. வேலையைக் கத்துக் குடுத்த ஆளை அதுக்காக அனுப்ப மாட்டோம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"கிழிஞ்ச துணியை என்ன பண்றது?"

"சிவகாசியில பிரஸ்காரங்களுக்கு மெஷின் துடைக்கத் துணி வேணும். ஆஸ்பத்திரிக்கு நான் நேரில் போய் நாலு நாள் தவணை கேக்கிறேன்."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. "சரி. அனுப்பலை. யாரையும் அனுப்பலை" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார்.

மேனேஜர் பலகைக்குத் திரும்பி, 'ஏழு தட்டு' என்பதை அழிக்காமல், பக்கத்தில் 'இதற்குக் காரணம் இல்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே வால்வைப் பற்றி நான் சொல்லச் சொல்ல முழுசாக எழுதினார். சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மிலிட்டரியிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் தோளைத் தடவிக்கொண்டார். "ஏலே, மேஸ்திரி! அண்டாவுல தட்டித் தட்டி எங்க தெருவே என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லிட்டுடா. அதுக்கு என்ன பதில் சொல்லப் போற?" அது வரைக்கும் மரியாதையாகத்தான் பேசுவார். அன்றைக்குத்தான் 'ஏலே' போட்டார். அது எனக்கு மன்னித்ததாகத்தான் பட்டது.

அடுத்த டேங்கை அவர்தான் அவித்தார். நான் நாலடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. மிலிட்டரி வால்வைத் திறந்தார். வெறும் ஆவி சீராக வருகிற வரைக்கும் பொறுத்தார், மூடினார். இரண்டு நாள் கழித்துப் பொன்னுத்தாய் அந்தத் துணியை ஒரு பக்கம் பிடித்து, இன்னொருத்தியை மறுபக்கம் பிடிக்கச் சொல்லி, காலை ஊன்றி இழுத்தாள். கிழியவில்லை. எனக்கு என்னவோ பயமே வரவில்லை. நான் கண்டுபிடித்தது இன்னொருத்தர் கையில் வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று பதினாலு வருஷமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு கம்பெனி இன்னொரு பெரிய டேங்க் வைத்து, தனி ஷெட் போட்டது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, பழைய டேங்குக்கு மிலிட்டரி இருப்பதால், என்னை அனுப்ப முடிந்தது. நான் எதற்குப் பயந்து மறைத்தேனோ, அதை மறைக்காததால்தான் எனக்கு மேலே ஒரு படி கிடைத்தது. என்னிடம் வேலை பழகியவர்களில் இரண்டு பேர் எனக்கே மேலதிகாரியாக வந்தார்கள். அவர்கள் வந்து "அண்ணாச்சி, இது சரிதானா?" என்று கேட்கிறபோதெல்லாம் எனக்கு அந்த மேனேஜர் குரல்தான் காதில் விழும்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். போகிற அன்றைக்கு யாரும் மாலை போடக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மட்டும் வாங்கிக்கொண்டார். அதையும் பஸ் ஏறுவதற்குள் எங்களுக்கே பிரித்துக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். அவர் இருந்த வேலையை அன்றைக்கே எங்களில் ஒருவர் எடுத்துப் பார்த்தார். ஒரு மெஷினும் நிற்கவில்லை. அது அவருக்குப் பெருமையா, எங்களுக்கு வருத்தமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது வீட்டில் உள்ளவர்கள் பேரெல்லாம் சொல்லிவிட்டு அவர் பேரையும் சொல்லுவேன். பட்டர் நட்சத்திரம் கேட்பார். தெரியாது என்பேன். "இவர் உமக்கு என்ன உறவு?" என்று ஒரு தடவை கேட்டார். என்ன சொல்வது? "நான் அவர்கிட்ட வேலை பார்த்தேன்" என்றேன். பிறகு யோசித்து, "அவரும் என்கிட்ட வேலை கத்துக்கிட்டார்" என்றேன். பட்டர் ஒன்றும் புரியாமல் பூவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் சொல்லுங்கள். வேலை பார்க்கிற இடத்தில் உள்ளவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். வயசானவன், சாமி கும்பிடுகிறவன், பாவம் என்று என்மேல் இரக்கப்பட்டு அந்த வால்வை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால், நாற்காலியைத் தூக்கிக் கொடுத்து, வேண்டாம் என்றாலும் லீவு கொடுத்துத் திரிந்த ஒரு கிறுக்கு மனுஷன்தான் மிச்சம் இருப்பார்.

அவர் அப்படி இல்லை.